மார்வெல் ரைவல்ஸ்: நாயகர்கள் இலவசம், களத்துக்கு விலை உண்டு

2024 டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை. டெல்லி ஓக்லாவில் உள்ள என்எஸ்ஐசி கண்காட்சி மைதானத்தில் அந்த ஆண்டின் காமிக் கான் திருவிழா தொடங்கியது. சிலந்தி வலை போட்ட சிவப்பு உடையும் அட்டைக் கேடயமுமாக இளைஞர்கள் நுழைவு வரிசையில் நிற்கும் மூன்று நாள் கொண்டாட்டம் அது. அதே நாள் இந்திய நேரப்படி அதிகாலை 5.30 மணிக்கு, அந்த வேடங்களுக்கெல்லாம் மூலமான நாயகர்கள் ஒரு கணினி விளையாட்டாக உலகம் முழுவதும் திறந்துவிடப்பட்டார்கள். விளையாட்டின் பெயர் மார்வெல் ரைவல்ஸ். ஆறு பேர் ஓர் அணி, எதிரே இன்னோர் ஆறு பேர். அயர்ன்மேன், தோர், ஹல்க், வுல்வரின், ஸ்டார்ம் என்று விரும்பிய நாயகரை எடுத்துக்கொண்டு மோதலாம். நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

முதல் மூன்று நாளில் ஒரு கோடிப் பேர் விளையாடினார்கள். 2025 பிப்ரவரிக்குள் அந்த எண்ணிக்கை நான்கு கோடி ஆனது. ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுத் தளத்தில் மட்டும் 2025 ஜனவரியில் ஒரே நேரத்தில் 6 லட்சத்து 44 ஆயிரம் பேர் களத்தில் இருந்தார்கள். இவ்வளவு பேரை இழுத்த விளையாட்டு உண்மையிலேயே நல்ல விளையாட்டா, டெல்லியில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது எந்த அளவுக்கு இலவசம் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நாயகக் கதைகளுக்கு டெல்லி புதிய ஊரல்ல. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு இருந்ததைப் போன்ற ஒரு பால்யம் ஹிந்தி வாசகர்களுக்கும் உண்டு. அதை அச்சடித்துக் கொடுத்த நகரம் டெல்லி. பிராண் வரைந்த சாச்சா சௌத்ரியை வெளியிட்ட டைமண்ட் காமிக்ஸ் இங்கிருந்துதான் இயங்கியது. 1986-இல் நாகராஜையும் அடுத்த ஆண்டில் சூப்பர் கமாண்டோ துருவாவையும் கொண்டுவந்த ராஜ் காமிக்ஸும் டெல்லிக்காரர்களுடையது. அவர்களுடைய பரமாணு என்ற நாயகன் டெல்லி போலீஸ் இன்ஸ்பெக்டர். இந்தியாவின் முதல் காமிக் கான் 2011 பிப்ரவரியில் நடந்ததும் இங்குள்ள டில்லி ஹாட் வளாகத்தில்தான். அந்தக் காமிக் கானை நடத்தும் நிறுவனத்தை 2024-இல் வாங்கியது, பக்கத்து குருகிராமில் தலைமையகம் கொண்ட நாட்வின் கேமிங். காமிக்ஸ் கூட்டமும் கேமிங் கூட்டமும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்ட நகரம் இது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி விளையாட்டுக்கு வருவோம்.

நாயகர்கள் மூன்று வகை. முன்னால் நின்று அடி வாங்கி அணிக்கு இடம் பிடித்துக் கொடுப்பவர் வேன்கார்ட்; விளையாடுவோர் மொழியில் டேங்க். எதிரியை வீழ்த்துவது டூயலிஸ்ட்டின் வேலை. காயம்பட்டவர்களின் உயிரை மீட்டுக் கொடுப்பவர் ஸ்ட்ராட்டஜிஸ்ட். இவரை எல்லோரும் ஹீலர் என்றே சொல்கிறார்கள். இந்த மூன்று வேலைப் பிரிவும் புதிதல்ல. 2016-இல் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட ஓவர்வாட்ச் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டது. அந்த ஓவர்வாட்சைச் சீனாவில் பல ஆண்டுகள் நடத்திக் கொடுத்த நெட்ஈஸ் நிறுவனம்தான் மார்வெல் ரைவல்ஸைத் தயாரித்தது. பார்த்துக் கற்ற பாடம் இந்த விளையாட்டின் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது, ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருப்பது, முதலில் பிடித்துப் பிறகு தள்ளுவது என்ற போட்டி வகைகளும் ஓவர்வாட்ச் ஆடியவர்களுக்குப் பழக்கமானவையே.

ஆனால் நகல் என்று ஒதுக்க முடியாத சில விஷயங்கள் இதில் உண்டு. முதலாவது பார்வைக் கோணம். ஓவர்வாட்ச்சில் துப்பாக்கி முனை மட்டும்தான் தெரியும். இங்கே நாயகரை முதுகுப் பக்கத்திலிருந்து முழு உருவமாகப் பார்க்கிறோம். ஸ்பைடர்மேன் வலை வீசிப் பறக்கும்போது உடல் வளைவதும், ஹல்க் தாவி இறங்கும்போது தரை அதிர்வதும் கண்ணெதிரே நடக்கின்றன. ஸ்பைடர்மேனாக ஆடுபவர் ஸ்பைடர்மேனைப் பார்க்க விரும்புகிறார். அந்த ஆசையை மதித்த முடிவு இது.

இரண்டாவது, இடிந்து விழும் களம். சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் சுவரையே உடைத்துவிடலாம். ஒரு போட்டியின் தொடக்கத்தில் மறைவிடமாக இருந்த மண்டபம் முடிவில் வெட்டவெளியாகக் கிடக்கும். எதிர்த்திசையில், மரமனிதன் குரூட் புதிய சுவர்களை எழுப்பி வழியை அடைப்பான். ஒரே களத்தை இருபது முறை ஆடினாலும் அலுப்புத் தட்டாததற்கு இது பெரிய காரணம்.

மூன்றாவதுதான் இந்த விளையாட்டின் உயிர். குறிப்பிட்ட இரண்டு மூன்று நாயகர்கள் ஒரே அணியில் இருந்தால் அவர்களுக்குக் கூட்டுச் சக்தி கிடைக்கும். விளையாட்டு வெளிவந்த காலத்தில் ராக்கெட் என்ற ரக்கூன், குரூட்டின் தோளில் ஏறி உட்கார்ந்து சுட முடிந்தது. ஹல்க் தன் காமா ஆற்றலை அயர்ன்மேனுக்குக் கொடுத்தான். தோரின் மின்னல் ஸ்டார்முக்கும் கேப்டன் அமெரிக்காவுக்கும் பாய்ந்தது. மரண தேவதை ஹெலா ஓர் எதிரியை வீழ்த்தினால், இறந்து கிடக்கும் தோரோ லோகியோ களத்துக்கு உடனே திரும்பி வர முடிந்தது. இவை வெறும் அலங்காரங்கள் அல்ல. அறுபது ஆண்டு காமிக்ஸில் யாருக்கு யாருடன் என்ன உறவு என்பதை விளையாட்டின் விதியாகவே மாற்றியிருக்கிறார்கள். கதை தெரிந்தவருக்கு அது புன்னகை. தெரியாதவருக்கு அது தந்திரம். அணியாகச் சேர்ந்து ஆட வைப்பதற்கு இதைவிட நல்ல வழி இந்த வகை விளையாட்டுகளில் அண்மையில் வந்ததில்லை. எந்தக் கூட்டு எந்த சீசனில் இருக்கும் என்பதைத் தயாரிப்பாளர்கள் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் பழைய கூட்டாளி பிரிந்த வருத்தம் சிலருக்கு அவ்வப்போது உண்டு.

வெளியீட்டின்போது 33 நாயகர்கள் இருந்தார்கள். 33 பேரும் முதல் நிமிடத்திலிருந்தே எல்லோருக்கும் திறந்திருந்தார்கள். பிறகு வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவினர், எம்மா ஃப்ராஸ்ட், அல்ட்ரான், ஃபீனிக்ஸ், பிளேடு, ஏஞ்சலா என அனைவரும் அப்படியே வந்தார்கள். 2025 முடிவதற்குள் பட்டியல் நாற்பதைத் தாண்டியது. இதன் அருமையைப் புரிந்துகொள்ளப் போட்டியாளர்களைப் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் இலவசமான ஓவர்வாட்ச் 2, புதிய நாயகர்களை, சீசன்தோறும் விற்கும் பரிசுத் தொகுப்பான பேட்டில் பாஸுக்குள் பூட்டி வைத்தது. பணம் கட்டியவருக்கு உடனே கிடைக்கும். மற்றவர்கள் பல மணி நேரம் ஆடித்தான் திறக்க வேண்டும். எதிர்ப்பு ஓயாததால் 2024-இல்தான் அந்த முறை கைவிடப்பட்டது. இன்னொரு போட்டியாளரான வேலரண்ட்டில் இன்றும் ஏஜென்ட் எனப்படும் புதிய நாயகரை உழைத்தோ பணம் கொடுத்தோதான் பெற வேண்டும்.

எதிராளியின் தேர்வைப் பார்த்து உடனடியாக நாயகரை மாற்றிக்கொள்வதே இந்த வகை விளையாட்டின் அடிப்படை. நாயகரை விலைக்கு விற்றால் வெற்றியையே விலைக்கு விற்பதாகிவிடும். மார்வெல் ரைவல்ஸ் அதைச் செய்யவில்லை. இந்தக் கட்டுரை அதற்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி இந்த ஒரு முடிவுக்காகத்தான்.

வருமானம் எங்கிருந்து? ஆடைகளிலிருந்து. ஸ்கின் எனப்படும் மாற்று உடைகள், நடன அசைவுகள், வெற்றிக் காட்சிகள் ஆகியவைதான் கடையில் உள்ள சரக்கு. உயர்தர உடை ஒன்று 20 டாலர் அளவுக்குப் போகிறது. அதாவது 1,700 ரூபாய்க்கு மேல். பேட்டில் பாஸ் முதல் சீசனில் 10 டாலருக்குச் சற்றுக் குறைவு. ஒருமுறை வாங்கினால் சீசன் முடிந்த பிறகும் காலாவதி ஆகாது. அவசரப்படுத்திப் பணம் பறிக்கும் வழக்கம் மலிந்த இந்தத் துறையில் அது குறிப்பிடத்தக்க நாகரிகம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளும் வெளியீட்டின்போது இல்லை. பழைய ஓவர்வாட்ச்சின் அத்தகைய பெட்டிகளை 2018-இல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது நினைவிருக்கலாம். இங்கே எந்த உடை, என்ன விலை என்று தெரிந்தே வாங்கலாம். விலை அதிகம்தான். ஆனால் ஏமாற்று இல்லை.

சோனி நிறுவனம் இதே வகையில் கான்கார்ட் என்ற விளையாட்டை 2024 ஆகஸ்ட் 23 அன்று 40 டாலர் விலையில் வெளியிட்டது. வாங்க ஆளில்லை. செப்டம்பர் 6 அன்று சர்வர்களை அணைத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தயாரித்த ஸ்டுடியோ அடுத்த மாதமே மூடப்பட்டது. சரியாக மூன்று மாதம் கழித்து மார்வெல் ரைவல்ஸ் வந்தது. இந்தச் சந்தையில் விலைச்சீட்டு என்ன செய்யும் என்பதற்கு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

குறை இல்லாமல் இல்லை. வெளியான 33 பேரில் 18 பேர் டூயலிஸ்ட். டேங்க் 8 பேர். ஹீலர் 7 பேர்தான். யார் எந்தப் பொறுப்பை எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியது. முன்பின் தெரியாத ஆறு பேர் கூடும் போட்டியில் நான்கைந்து பேர் அடிப்பதற்கு ஓடுகிறார்கள்; ஒருவர் மட்டும் குணப்படுத்திக் களைத்துப் போகிறார். தோற்றதும் குரல் அரட்டையில் திட்டு வாங்குவதும் அந்த ஒருவரே. வட இந்திய வீரர்கள் கூடும் அணிகளில் அந்த வசை பெரும்பாலும் ஹிந்தியில் வருகிறது. குரலைக் கேட்டதும் பெண் என்று தெரிந்தால் தொல்லை கூடும் என்பதால் மைக்கைத் திறக்காமலே ஆடும் பெண்கள் இந்த வகை விளையாட்டுகளில் எல்லா நாடுகளிலும் உண்டு. கட்டாயப் பொறுப்புமுறை வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அணி அமைப்பில் சுதந்திரம் வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் நிலை. மூன்று டேங்க், மூன்று ஹீலர் என்று விசித்திரமான அணி அமைத்து வெல்லும் மகிழ்ச்சி அந்தச் சுதந்திரத்தில்தான் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த மகிழ்ச்சி நண்பர்கள் ஆறு பேராகச் சேர்ந்து ஆடுவோருக்கே அதிகம் வாய்க்கிறது. தனியாக வருபவருக்கு அது தண்டனையாகிவிடுகிறது. சாதாரணப் போட்டிகளில் தொடர்ந்து தோற்பவரைச் சமாதானப்படுத்தக் கணினியே இயக்கும் பொம்மை எதிரிகளை நிறுத்துகிறார்கள் என்பதையும் வீரர்கள் கண்டுபிடித்தார்கள். வென்றது மனிதரையா, பொம்மையையா என்று தெரியாமல் கிடைக்கும் வெற்றியில் என்ன சுவை இருக்கிறது?

இப்போது நேரு பிளேசுக்குப் போவோம். தெற்கு டெல்லியில் மெட்ரோ வயலட் தடத்தில் இறங்கினால், சதுக்கத்தைச் சுற்றி நிற்கும் அடுக்குக் கட்டடங்கள் முழுவதும் கணினிக் கடைகள். நாட்டின் பெரிய கணினிச் சந்தைகளில் ஒன்று. கிராபிக்ஸ் கார்டு புதிதாகவும் கிடைக்கும், செகண்ட் ஹேண்டாகவும் கிடைக்கும். இலவச விளையாட்டின் உண்மையான நுழைவுச் சீட்டு விற்கப்படுவது இங்கேதான்.

மார்வெல் ரைவல்ஸ் அன்ரியல் என்ஜின் 5-இல் கட்டப்பட்டது. குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 1060 அல்லது ஆர்எக்ஸ் 580 வகை கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், 70 ஜிபி இடம் வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். 2016-இல் வந்த கார்டே போதும் என்பது கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பள்ளிப் பாடத்துக்கென்று வாங்கிய சாதாரண மடிக்கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டே இருக்காது. 8 ஜிபி ராமோடு பலவும் நின்றுவிடும். இந்தியாவில் கேமிங் என்றாலே பெரும்பாலோருக்குக் கைபேசிதான். பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் வேரூன்றியது அதனால்தான். மார்வெல் ரைவல்ஸ் கைபேசியில் வரவில்லை. கணினியும் பிஎஸ்5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸும்தான் அதன் வீடு. 2025 செப்டம்பர் 12 முதல் பழைய பிஎஸ்4-இலும் ஓடுகிறது.

குறைந்தபட்சக் கணினியை எப்படியோ சேர்த்துவிட்டாலும் சமமான போட்டி கிடைத்ததா? முதல் மாதங்களில் கிடைக்கவில்லை என்பதுதான் இந்த விளையாட்டின் வரலாற்றில் மிக வருத்தமான பக்கம். நொடிக்கு எத்தனை படங்களைக் கணினி வரைந்து காட்டுகிறது என்பதே ஃபிரேம் ரேட். நல்ல கணினியில் அது 60-ஐத் தாண்டி 120, 144 என்று போகும்; எளிய கணினியில் 30-க்கு இறங்கிவிடும். படம் திக்குவது மட்டும்தான் இழப்பு என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் ஃபிரேம் ரேட் குறைந்தால் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், வுல்வரின், மேஜிக், வெனம், ஸ்டார்-லார்ட் ஆகியோரின் சில தாக்குதல்களின் வலிமையோ நகர்வின் வேகமோ குறைகிறது என்று வீரர்கள் சோதித்துக் காட்டினார்கள். அதே நாயகர், அதே பொத்தான், அதே திறமை. எளிய கணினி வைத்திருப்பவரின் அடி மட்டும் இலேசாக விழுந்தது. நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டது. சரிசெய்யும் வேலையையும் அறிவித்தது. ஆனாலும் தரவரிசைப் போட்டிகள் நடந்துகொண்டிருந்த காலத்தில் அந்த ஏற்றத்தாழ்வு இருந்தது. நாயகர்களை விலைக்கு விற்காத விளையாட்டு, தெரியாமலே கிராபிக்ஸ் கார்டுக்கு வலிமையை விற்றுவிட்டது.

அடுத்தது தூரம். விளையாடுபவர் பொத்தானை அழுத்தியதும் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரமே பிங். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். டெல்லியிலிருந்து சிங்கப்பூர் வான்வழியில் 4,000 கிலோமீட்டருக்கு மேல். போய் வர நேர்க்கோட்டிலேயே 40 மில்லி நொடிகளுக்கு மேல் ஆகிவிடும். ஆனால் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை. டெல்லியில் கடல் இல்லை. அங்கிருந்து கிளம்பும் தகவல் நிலத்தடி இழை வழியே மும்பைக்கோ சென்னைக்கோ வந்து, அங்கேதான் கடலில் இறங்க வேண்டும். சென்னையையும் சிங்கப்பூரையும் நேராக இணைக்கும் ஐ2ஐ கேபிள் 2002-லும் டாடாவின் டிஐசி கேபிள் 2004-லும் பயன்பாட்டுக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் நீளம். ஆகவே தென்கிழக்காசிய சர்வரில் போட்டி அமைந்தால், சென்னை நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் செய்தி டெல்லி கரோல் பாக்கில் இருப்பவரின் செய்தியைவிடச் சீக்கிரம் போய்ச் சேரும். கரோல் பாக் தமிழ்க் குடும்பத்துப் பையன் விடுமுறைக்குச் சென்னை வந்து ஆடினால் தன் விளையாட்டு திடீரென்று மேம்பட்டதாக உணரலாம். அதில் பெரும் பங்கு கடலடிக் கேபிளுடையது. வேலரண்ட் இந்தியாவில் வேர்பிடித்ததில் மும்பையில் அமைத்த சர்வருக்கு முக்கியப் பங்கு உண்டு. இந்தியர்களை நிலையான வாடிக்கையாளராக்க விரும்பும் எந்த நிறுவனமும் இந்தக் கணக்கைத் தவிர்க்க முடியாது.

விளையாட்டின் பின்னணியில் இன்னொரு தூரமும் இருக்கிறது, அது அரசியல் தூரம். நெட்ஈஸ், ஹாங்சோவில் தலைமையகம் கொண்ட சீன நிறுவனம். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கு மோதல் நடந்தது. செப்டம்பர் 2 அன்று மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைல் மட்டுமே பலருக்கு நினைவிருக்கும். நெட்ஈஸின் ரூல்ஸ் ஆஃப் சர்வைவல், நைவ்ஸ் அவுட், சைபர் ஹன்டர் போன்றவையும் அதே பட்டியலில் இருந்தன. 2022 பிப்ரவரியில் வந்த அடுத்த பட்டியலில் ஃப்ரீ ஃபயரோடு நெட்ஈஸின் வேறு சில விளையாட்டுகளும் சேர்ந்தன. அந்த ஆணைகள் செயலிகளைப் பெயர் சொல்லித் தடுத்தன; நிறுவனத்தை மொத்தமாகத் தடுக்கவில்லை. அதனால் மார்வெல் ரைவல்ஸ் இந்தியாவில் இயங்குகிறது. ஆனாலும் 2022 ஜூலையில் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ ஒரே நாளில் கடைகளிலிருந்து காணாமல் போனதையும், 2023 மே மாதம் வரை திரும்பாததையும் பார்த்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. நாயகருக்கு வாங்கிய உடை நம் சொத்தாகாது. சர்வர் இருக்கும் வரை அனுபவிக்கக் கிடைத்த அனுமதி மட்டுமே.

வெளியான சில நாட்களிலேயே வீரர்கள் வேறொன்றையும் கவனித்தார்கள். விளையாட்டுக்குள் அரட்டைப் பெட்டியில் தியானன்மென் சதுக்கம், சுதந்திரத் தைவான், சுதந்திர ஹாங்காங், சுதந்திரத் திபெத் ஆகிய சொற்களைத் தட்டச்சு செய்தால் செய்தி போகவில்லை. டெல்லிக்கு இது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. யமுனைக் கரையில் மஜ்னு கா டில்லாவில் 1960-களிலிருந்து திபெத்திய அகதிகள் வாழ்கிறார்கள். அங்குள்ள ஓர் இளைஞர் தன் சமூகத்தின் கோரிக்கையை, தான் வாழும் ஜனநாயக நாட்டில் இருந்துகொண்டு, தன் நண்பனுக்கு இரண்டு சொல்லாக அனுப்ப முடியாது. மார்வெல் என்ற அமெரிக்கப் பெயர் முகப்பில் இருந்தும் இது நடக்கிறது. விளையாட்டின் தரத்தைச் சொல்லும் மதிப்புரை இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

மதிப்புரை என்றதும் இன்னொன்று. 2024 மே மாத முன்னோட்டச் சோதனையின்போது, விளையாட்டை முன்கூட்டியே ஆடிக்காட்ட அழைக்கப்பட்ட ஸ்ட்ரீமர்களுக்குக் கொடுத்த ஒப்பந்தத்தில், விளையாட்டைக் குறைத்துப் பேசக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஒரு ஸ்ட்ரீமர் அதை வெளிப்படுத்தியதும் எதிர்ப்பு கிளம்பியது. நெட்ஈஸ் வருத்தம் தெரிவித்து வாசகங்களைத் திருத்தியது. திருத்தியது நல்லதே. ஆயினும் வெளியீட்டுக் காலத்தில் யூடியூபில் குவியும் பாராட்டுகளை எப்படி எடைபோட வேண்டும் என்பதற்கு அந்தச் சம்பவம் நிரந்தரப் பாடம். இந்திய ஸ்ட்ரீமர்களை நம்பியே விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் பள்ளி மாணவர்களிடம் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது? 2022 டிசம்பரில் மின்விளையாட்டு, மத்திய விளையாட்டுத் துறையின் பொறுப்பில் சேர்க்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் டெல்லியில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அடுத்தடுத்த நாளில் ஆன்லைன் விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றின. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் கட்டிப் பணம் வெல்லும் விளையாட்டுகள் தடை செய்யப்பட்டன. மின்விளையாட்டு ஊக்குவிக்கப்பட வேண்டியதாக வகுக்கப்பட்டது. மார்வெல் ரைவல்ஸில் பந்தயம் இல்லை. வென்றால் பணம் கிடைப்பதும் இல்லை. ஆடை வாங்குவது மட்டும்தான். ரம்மி செயலிகளோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் பெற்றோருக்கு அந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லலாம். அதேபோல், ஒரு போட்டி பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடம் ஓடும், நடுவில் நிறுத்த வழியில்லை, விட்டுப் போனால் அணிக்குத் தோல்வியும் விட்டவருக்குத் தண்டனையும் உண்டு என்பதையும் வீட்டில் பேசி வைத்தால் பாதிச் சண்டை குறையும். அமெரிக்கத் தரமதிப்பீட்டில் இது பதின்ம வயதினருக்கானது. எட்டு வயதுக் குழந்தைக்கு அல்ல.

நாயகர்களில் இந்தியர் யார் என்று தேடினால் ஏமாற்றம்தான். வெளியீட்டின்போது இருந்த 33 பேரில் கொரியப் பாடகி லூனா ஸ்னோ இருக்கிறாள். அயர்ன் ஃபிஸ்ட்டாக வருபவர் லின் லியே என்ற சீன இளைஞர். ஜப்பானுக்குப் பெனி பார்க்கரும் சைலாக்கும் உண்டு. டோக்கியோ நகரமே ஒரு களமாக இருக்கிறது. இந்தியாவுக்கு எதுவும் இல்லை. பவித்ர பிரபாகர் என்ற இந்திய ஸ்பைடர்மேனை 2004-லேயே மார்வெல் காமிக்ஸில் கொண்டுவந்தாகிவிட்டது என்பதை நினைக்கும்போது இந்த விடுபடல் உறுத்துகிறது. விளையாட்டின் மொழிகளிலும் ஹிந்தி இல்லை, தமிழ் இல்லை. செலவழிக்கும் சந்தைகளின் முகமே நாயகர் பட்டியலில் தெரிகிறது. பரமாணுவையும் நாகராஜையும் உருவாக்கிய டெல்லியிலிருந்து இதற்கு ஈடான ஒரு விளையாட்டு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. அதற்கு வேண்டியது பல ஆண்டு உழைப்பும் பெரும் முதலீடும்.

பெரும் வெற்றியும் வேலையைக் காப்பாற்றுவதில்லை என்பதையும் இந்த விளையாட்டு காட்டியது. 2025 பிப்ரவரியில், விளையாட்டு உச்சத்தில் இருந்தபோதே, இயக்குநர் தாடியஸ் சாஸர் உள்ளிட்ட அமெரிக்க சியாட்டில் குழுவினரை நெட்ஈஸ் வேலையிலிருந்து நீக்கியது. சீனாவில் உள்ள முதன்மைக் குழு பணியைத் தொடர்ந்தது. மாதம் ஒரு நாயகர் என்ற வேகத்துக்கு 2025 நடுப்பகுதியில் மாறினார்கள். இருந்தும் அந்த ஆண்டின் இறுதியில் ஸ்டீமில் ஒரே நேரத்தில் ஆடியவர்கள் ஜனவரி உச்சத்தின் கால் பங்குக்கும் கீழே. அது சாவு அல்ல. இந்த வகை விளையாட்டுகளில் அது இன்னும் பெரும் கூட்டமே. போட்டி கிடைக்கக் காத்திருக்க வேண்டிய நிலை இல்லை.

தீர்ப்பு இதுதான்: தனி கிராபிக்ஸ் கார்டுள்ள கணினியோ பிஎஸ்4, பிஎஸ்5-ஓ ஏற்கெனவே வீட்டில் இருந்தால், சேர்ந்து ஆட இரண்டு மூன்று நண்பர்களும் இருந்தால், மார்வெல் ரைவல்ஸை இன்றே இறக்கிக்கொள்ளலாம். நாயகர்களை எல்லோருக்கும் திறந்து வைத்த நேர்மைக்காகவும் கூட்டுச் சக்தி என்ற அந்த ஓர் அருமையான யோசனைக்காகவும் அது ஆடத் தகுந்தது. முதல் மாதம் உடை எதுவும் வாங்காதீர்கள். மூன்றில் ஒரு போட்டியிலாவது ஹீலராக ஆடுங்கள். இதற்கென்றே புதிதாகக் கணினி வாங்க நேரு பிளேசுக்குக் கிளம்ப நினைப்பவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் ஒரு கேமிங் கஃபேயில் ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்து, அங்கே பிங் எவ்வளவு காட்டுகிறது, படம் எத்தனை ஃபிரேமில் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு முடிவு செய்யட்டும்.